ஒரு விரல் மேலே

ஜூன் 2, திங்கள்

என் பெயர் மூக்கையா. இதை எழுதியது நான்தான்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று அந்த ஒரு வரிக்கே ஒரு மணி நேரம் ஆனது. இன்று கை கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது.

எனக்கு எழுபது வயது. புதுக்கோட்டையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறேன். மார்ச் மாதம் முதியோர் எழுத்தறிவுத் தேர்வு எழுதித் தேறினேன். மாலையில் வந்து சொல்லிக் கொடுத்த ஜெசிந்தா டீச்சர் இந்த டைரியைக் கொடுத்தார். "தினமும் ரெண்டு வரியாவது எழுதுங்க ஐயா. விட்டா மறந்துடும்" என்றார். ஜனவரி முதல் மே வரை தாள்கள் வெறுமையாக இருக்கின்றன. பரவாயில்லை. நானும் எழுபது வருடம் அப்படித்தான் இருந்தேன்.

வேலை முடிந்து பேருந்து நிலையம் போனேன். ஆலங்குடி, கீரனூர், கறம்பக்குடி என்று மூன்று பலகை படித்தேன். எந்தப் பேருந்திலும் ஏறவில்லை. படிக்க மட்டும்தான் போனேன். கறம்பக்குடியின் 'ற' அழகாக இருந்தது.

ஜூன் 4, புதன்

டிவியில் வானிலையைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

இரவுச் செய்திக்கு முன்னால், ஏழு இருபத்தைந்துக்கு வானிலை வரும். தமிழ்நாட்டுப் படம் ஆடாமல் அசையாமல் நிற்கும். ஊருக்கு ஊர் சூரியன், மேகம், மழைக்கோடு இருக்கும். எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும். நான் பார்க்கிற ஒரே நிகழ்ச்சி அதுதான்.

திங்கட்கிழமையிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. படம் சாய்கிறது, சுழல்கிறது, நம் மேலே விழுகிற மாதிரி பக்கத்தில் வருகிறது. சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ புகை ஓடுகிறது. வாசிக்கிற பெண் முன்பு ஓரமாக உட்கார்ந்திருந்தது. இப்போது படத்துக்கு முன்னால் நடந்து மேற்கு மாவட்டங்களை முதுகால் மறைக்கிறது. ஊர்ப் பெயர் ஒரு நொடி வந்து மறைகிறது. நான் 'கோ' என்று படிப்பதற்குள் ஊர் போய்விட்டது. இத்தனை நாள் எழுத்துத் தெரியாமல் பார்த்தேன். எழுத்துத் தெரிந்த பிறகு பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

டிவிக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும்.

எங்கள் மகள் தவமணியை நீலகிரியில் கட்டிக் கொடுத்தோம். கூடலூருக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டம். மாப்பிள்ளை சௌந்தருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவள் போன புதிதில் என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம், கேபிள்காரரிடம் கேட்டு, வானிலைப் படத்தில் நீலகிரி எங்கே என்று தெரிந்துகொண்டு, தன் நெற்றிப் பொட்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டாள். பிறகு தினமும் இருவரும் பார்ப்போம். பொட்டுக்குப் பக்கத்தில் சூரியன் இருந்தால் "துணி காஞ்சிருக்கும் பிள்ளைக்கு" என்பாள்.

பஞ்சவர்ணம் போய் ஆறு வருடம் ஆகிறது. நான் மட்டும் பார்க்கிறேன். தவமணி போன் செய்வதில்லை. அங்கே டவர் சரியாக இருக்காது. அவளுக்கு வெயிலா மழையா என்று தெரிந்துகொண்டால் எனக்குப் போதும். சாப்பிட்டுப் படுத்துவிடுவேன்.

இன்று அந்தப் பொட்டு முதலில் கடலில் கிடந்தது. பிறகு வாசிக்கிற பெண்ணின் கன்னத்தில் இருந்தது.

ஜூன் 9, திங்கள்

காத்தமுத்துவிடம் சொன்னேன். ரிக்‌ஷா ஓட்டியவன். என்னோடு படித்தவன். தேர்வில் என்னைவிட நான்கு மதிப்பெண் குறைவு.

"மூக்கையாண்ணே, நீ படிச்சுட்டேன்னு தெரிஞ்சதும் பயந்துபோயி ஊரையெல்லாம் தூக்கிக்கிட்டு ஓடுறானுக போல" என்றான்.

"சிரிக்காதய்யா. எம் மக ஊரக் காணோம்."

"ஊரு எங்க போகும்? போன் போட்டுக் கேளேன், அங்க மழையா வெயிலான்னு."

நான் இஸ்திரிப் பெட்டியில் கரி போட ஆரம்பித்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

ஜூன் 12, வியாழன்

டிவிக்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். என் முதல் கடிதம். மூன்று நாள் ஆனது. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஐயா, வணக்கம். வானிலைப் படம் ஓடாமல் நிற்க வேண்டும். பழைய படம் நன்றாக இருந்தது. ஊர்ப் பெயர் பெரிதாகவும் நெடு நேரமும் வேண்டும். மெதுவாகப் படிப்பவர்களும் இருக்கிறோம். அந்தப் பெண்ணை ஓரமாக நிற்கச் சொல்லவும். அவர் மேல் குற்றம் இல்லை. இப்படிக்கு, மூ. மூக்கையா."

விலாசத்தை மட்டும் டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினேன். "இதெல்லாம் போன்லயே அனுப்பலாமே ஐயா" என்றார். எனக்குத் தபால்பெட்டியில் போட வேண்டும். போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

ஜூன் 13, வெள்ளி

ஒருவனுக்குச் சோறு வடிக்க இன்னும் அளவு வரவில்லை. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து. பொட்டு இருந்த பக்கத்தில் வருகிற ஊர்ப் பெயரில் இன்று இரண்டாவது எழுத்தை மட்டும் பார்ப்பது, நாளை மூன்றாவது. படம் ஒரே மாதிரிதான் சுழல்கிறது, எந்த இடத்தில் எந்த ஊர் வரும் என்று பழகிவிட்டது.

ஜூன் 26, வியாழன்

முழுவதும் சேர்ந்துவிட்டது. கோ, ய, ம், பு, த், தூ, ர். கோயம்புத்தூர்.

தவமணி இருக்கிற இடத்தில் கோயம்புத்தூர் என்று போட்டிருக்கிறார்கள். உதகையைத் தூக்கி அதற்கு மேலே வைத்திருக்கிறார்கள். படம் சுழல்கிறது என்பது வேறு. ஊரை இடம் மாற்றிப் போடுவது பெரிய தப்பு. எத்தனை பேர் நம்பிப் பார்ப்பார்கள்!

இரண்டாவது கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

ஜூலை 3, வியாழன்

பதில் வந்துவிட்டது! தபால்காரர் வண்டிக்கே வந்து கொடுத்தார். உறையின் மேல் திரு. மூ. மூக்கையா என்று அச்சில் இருந்தது. 'திரு' போட்டிருந்தார்கள். சூடான பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் படித்தேன்.

"தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. நேயர்களின் நலன் கருதி நவீன வரைகலையுடன் எமது வானிலை அறிக்கை புதுப்பொலிவு பெற்றுள்ளது. தொடர்ந்து காணுங்கள்."

படித்து முடிக்க நேரமாயிற்று. நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. ஆனால் என் பெயர் இருந்தது. காத்தமுத்து வாங்கி முகர்ந்து பார்த்தான்.

ஜூலை 5, சனி

இரண்டாவது கடிதத்தைச் சரி பார்க்க டீச்சரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என்னைப் பள்ளிக்கூடச் சுவருக்குக் கூட்டிப் போனார். அங்கே பெரிய தமிழ்நாட்டுப் படம் மாட்டியிருக்கிறது. நிற்கிற படம்.

"ஐயா, டிவியில சரியாத்தானே போட்டிருக்காங்க. கோயம்புத்தூர் இங்க. நீலகிரி அதுக்கு மேல, இங்க."

"பழைய படத்துல அப்படி இல்ல டீச்சரம்மா. நான் பதினோரு வருசமாப் பாக்குறேன்."

"பழசுலயும் இப்படித்தான் இருந்திருக்கும்."

"எனக்கு இடம் மாறாது" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன். எழுத்துத் தெரியாமல் நாற்பது வருடம் இஸ்திரி போட்டவன். எந்த மூட்டை எந்த வீடு என்று, முடிச்சையும் வைத்த இடத்தையும் வைத்தே கொடுப்பேன். ஒரு சட்டை வீடு மாறிப் போனதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பஞ்சவர்ணம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருமுறை டிவியைத் துடைத்தேன். அப்போது பொட்டு கையோடு வந்துவிட்டது. திரும்ப அதே இடத்தில் ஒட்டினேன். அதே இடம்தான்.

ஜூலை 8, செவ்வாய்

அதே இடம்தான்.

ஜூலை 11, வெள்ளி

டீச்சரிடம் கேட்டேன். பழைய நாள் வானிலையை இப்போது பார்க்க முடியுமா என்று. செய்தி எல்லாவற்றையும் அவர்களே இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள், தேதி சொன்னால் தேடித் தருகிறேன் என்றார்.

தேதி சொன்னேன்.

"அது என்ன நாள் ஐயா?"

"எங்க வீட்டுக்காரி போன நாள்."

ஜூலை 12, சனி

பார்த்தேன்.

ஜூலை 16, புதன்

மூன்று நாள் வண்டி எடுக்கவில்லை. இன்று எடுத்தேன்.

எழுதாமல் விட்டால் மறந்துவிடும் என்று டீச்சர் சொன்னார். இது மறக்காது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி பகல் மூன்று மணிக்குப் பஞ்சவர்ணம் உயிர் போனது. காத்தமுத்து தவமணிக்குப் போன் போட்டுக் கொடுத்தான். அழுதாள். பிறகு, "அப்பா, இங்க பேய்மழை. மரம் விழுந்து ரோடே போச்சு. பஸ் இல்ல. நடந்தாவது வந்துருவேன். அம்மாவ நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் வச்சிருங்கப்பா, நான் வாய்க்கரிசி போடணும்" என்றாள்.

அந்த வாரமெல்லாம் நான் டிவியில் பார்த்திருந்தேன். பொட்டுக்குப் பக்கத்தில் வெயில்தான். அப்படியும் ஒருவேளை மாறியிருக்குமோ என்று, அன்று ஏழு இருபத்தைந்துக்கு எழுந்து போய் டிவியைப் போட்டேன். பிணம் கிடக்கும் வீட்டில் டிவி போட்டவன் நான்தான். சத்தத்தை அடைத்துவிட்டுப் போட்டேன். உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பொட்டுக்குப் பக்கத்தில் முழுச் சூரியன்.

நானே போன் போடச் சொன்னேன். "ஒன் ஊர்ல வெயில் காயுது. எங் கண்ணால பாக்குறேன். பெத்தவ சாவுக்கு வராம இருக்கப் பொய் சொல்றியா" என்று கேட்டேன். அவள் என்னவோ சொன்னாள். காத்தமுத்துவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டோம். சௌந்தர் போனில் கெஞ்சியதைக் காத்தமுத்து சொன்னான். நான் காத்திருக்கவில்லை.

பால் தெளிக்கிற அன்று தவமணி வந்தாள். முழங்கால் வரை செம்மண் காய்ந்திருந்தது. கணுக்காலில் ரத்தம் கட்டிய புள்ளிகள். அட்டைக் கடி என்று யாரிடமோ சொன்னாள். முள் கீறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவளோடு பேசவில்லை. அத்தனை பேர் முன்னால் சொம்பை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனேன். அன்று சாயங்காலம் திரும்பிப் போனவள்தான்.

டீச்சர் போனில் அதே பழைய படம் வந்தது. ஆடாமல் நின்றது. எனக்குத் தெரிந்த சூரியன், தெரிந்த இடம். அதன் கீழே சின்ன எழுத்து இருந்தது. அன்று அதை அழுக்கு மாதிரி பார்த்திருப்பேன். சனிக்கிழமை படித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானே படித்தேன். கோயம்புத்தூர்.

அதற்கு ஒரு விரல் மேலே உதகை. கறுப்பு மேகம், கீழே மூன்று கோடு.

ஜூலை 17, வியாழன்

டீச்சர் வண்டிக்கு வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். "தெரியாமத்தானே ஐயா நடந்துச்சு" என்றார். டீச்சர் நல்லவர். ஆனால் தெரியாமல் நடந்தது பொட்டை ஒட்டியது மட்டும்தான். பெற்ற பிள்ளை சொன்னதைவிட டிவி சொன்னதை நம்பியது தெரிந்து செய்தது.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டாவது கடிதத்தைக் கிழித்தேன். தவமணிக்கு எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள" எழுதினேன்.

ஜூலை 23, புதன்

காத்தமுத்து, "போன்லயே சொல்லிப்புடுண்ணே, நம்பர் எங்கிட்ட இருக்கு" என்றான். போனில் சொன்னது போனில் போய்விடும். அன்று அவளைப் பேசியதும் போனில்தான். கடிதம் என்றால் அவள் வேண்டும்போது எடுத்துப் படிக்கலாம், வேண்டாம் என்றால் அடுப்பில் போடலாம்.

டீச்சர் எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

முடித்துவிட்டேன்.

"அன்புள்ள மகள் தவமணிக்கு. உன் அம்மா இறந்தபோது நீ மழை என்றாய். நான் வெயில் என்றேன். நான் டிவியில் வேறு ஊரைப் பார்த்துவிட்டேன். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. நீ சொன்னது உண்மை. நான் காத்திருந்திருக்க வேண்டும். இதை உன் அப்பா எழுதுகிறேன். மூக்கையா."

மன்னிப்பு என்ற சொல்லும் எழுதிப் பார்த்தேன். அதைக் கேட்க எனக்கு என்ன இருக்கிறது? அடித்துவிட்டேன். காத்தமுத்து விலாசம் வாங்கி வந்தான்.

ஜூலை 28, திங்கள்

தபாலில் போட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வானிலை பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

போன் வந்தது. பத்து மணிக்கு, வண்டியில் இருந்தபோது. குரல் கேட்டதும் யார் என்று தெரிந்தது. கொஞ்சம் தடித்திருக்கிறது.

"லெட்டர் வந்துச்சு. யாரு எழுதிக் குடுத்தாக?"

"நாந்தாம்மா."

"ஒங்களுக்குக் கையெழுத்தே வராது. கட்டவெரல்தானே வைப்பீக."

"இப்பப் படிச்சேன். பள்ளிக்கூடத்துல. பரிச்சையில தேறிட்டேன்."

"காத்தமுத்துச் சித்தப்பா எழுதினாரா?"

"அவனுக்கு என்னைவிட மார்க்கு கம்மி."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஆறு வருசம் கழிச்சு ஊராளுக யாரோ பாவம் பாத்து எழுதிப் போட்டா, அதுல ஒங்க பேரப் போட்டுக்கிட்டா ஆச்சாப்பா? இதுலயும் பொய்யா?"

"பொய் இல்ல தவமணி. நானே..."

வைத்துவிட்டாள். துணியின் மேல் பெட்டி இருந்திருக்கிறது. வாத்தியார் வீட்டு வேட்டி கருகிவிட்டது. நாற்பது வருடத்தில் முதல்முறை.

நான் உண்மையைத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கருகிய வேட்டிக்குப் புது வேட்டி கொடுத்தேன். வாத்தியார் வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கையில் திணித்துவிட்டு வந்தேன். டீச்சர் அவளிடம் பேசவா என்று கேட்டார். டீச்சர் சொன்னாலும் அதுவும் ஊர்க்காரர் பேச்சுதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

திருச்சி, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம். எல்லாப் பலகையும் நானே படித்து ஏறினேன். யாரிடமும் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் நல்ல வெயில். பேருந்து நிலையத்தில் துணி காயப் போட்டிருந்தார்கள். அந்த வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

இப்போது உதகையில் கூடலூர்ப் பேருந்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலை மூடியும் சாரல் உள்ளே வருகிறது. தாள் நனைகிறது. குளிரில் பேனா சரியாக வரவில்லை. பக்கத்தில் இருப்பவர், "அந்தப் பக்கம் ரோடு இருக்கோ இல்லையோ பெரியவரே, போனாத்தான் தெரியும்" என்றார். போகலாம் என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அன்றைக்கு இங்கே மழை பெய்தது.

மேலே உள்ள வரியை எழுதியபோது தவமணி என் முன்னால் நின்றிருந்தாள். அது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

நேற்று பொழுது சாய்கிற நேரம் வந்து சேர்ந்தேன். தோட்டத்து லைன் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒன்று. தகரக் கூரை. மழைச் சத்தத்தில் அவளைக் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. சௌந்தர்தான் பார்த்துவிட்டு ஓடி வந்து பையை வாங்கினார். "வாங்க மாமா" என்றார். அவள் வாசலில் நின்றாள். தலைமுடி முன்னால் நரைத்திருக்கிறது. துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தாள், சோறு போட்டாள். பேசவில்லை. கூரை மட்டும் பேசியது.

இன்று காலை என் பையில் இருந்து டைரியை அவளே எடுத்தாள். நனைந்த தாள்களைப் பிரித்து அடுப்போரம் காய வைத்தாள். அப்போது படித்திருக்க வேண்டும். எவ்வளவு படித்தாள் என்று தெரியாது. பிறகு கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"எழுதுங்க" என்றாள்.

"என்ன எழுத?"

"எதையாச்சும். நான் பாக்கணும்."

தேதி போட்டேன். பிறகு 'அ' போட்டேன். ஒரு எழுத்து போட்டு, நிறுத்தி, அடுத்ததைப் போட்டேன். உலை கொதித்துப் பொங்கியது. அவள் போகவில்லை. சௌந்தர் போய் இறக்கி வைத்தார். வேலைக்குச் சங்கு ஊதியது. அதற்கும் அவள் போகவில்லை. நான் புள்ளி வைத்து நிமிரும் வரை, கையைக் கட்டிக்கொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாளைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் படித்தாள். சத்தம் இல்லாமல் உதடு மட்டும் அசைந்தது. பிறகு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆறு வருடத்தில் என்னிடம் கோபம் இல்லாமல் அவள் சொன்ன முதல் பேச்சு இதுதான்.

"ஒரு நாள் இல்லப்பா. நாலு நாளு. விடாம."

அதையும் எழுதச் சொல்லி மறுபடி டைரியை என் பக்கம் திருப்பினாள். எழுதுகிறேன்.

நான்கு நாள் பெய்தது. விடாமல் பெய்தது.